கைப்பிடி கழற்றிய கதவு

கார் விளக்கு வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்களைக் கேட்டால், நம் மருமகள் இன்னும் ஷெட்டுக்குள் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மல்லுக்கட்டுகிறாள் என்பார்கள். இன்றைக்கு எர்த் சரியில்லை. நேற்று ஃப்யூஸ் போய்விட்டது. அதற்கு முந்தின நாள் எல்.இ.டி. பட்டையின் பசை வெயிலில் இளகிவிட்டது. தினமும் சாயங்காலம் ஒரு ஒயர் இணைப்பைத் தானே பிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா" என்று சொல்லியபடி வீட்டுக்குள் வருவாள்.

இது என்ன திருட்டுத்தனம் என்று புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் கேட்கலாம். பழைய வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் ஒரு ஹால், ஓர் அறை, ஒரு சமையலறை. அறைக் கதவைக் கரையான் அரித்ததால் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தார்கள். புதிதாக ஒன்று வாங்கி மாட்ட யாருக்கும் தோன்றவில்லை. திரைச்சீலைதான் தொங்குகிறது. "வீட்டுக்குள்ள எதுக்குக் கதவு? நாம என்ன வெளியாளா?" என்பது மாமனாரின் கட்சி. குளியலறைக்குக் கதவு உண்டு. ஆனால் உள்ளே போனவர் வரக் கொஞ்சம் தாமதமானால் தட்டி, "ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிடுவார். மனிதர் பொல்லாதவர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியே ஓய்வு பெற்றவர். மூடிய கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

மகன் மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, காருக்குள் கலர் கலராக விளக்குப் போடப் போகிறேன் என்று கிளம்பினான். முதல் நாளே ஒரு முழப் பட்டையைக் கருக்கினான். "குடுங்க இப்படி" என்று அவன் கையிலிருந்து ஒயர் பிடிக்கிற குறட்டை வாங்கியவள் நம் மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் அவள். அங்கே அவளுக்குப் பெயரே குறடு. பிடித்தால் விடமாட்டாள் என்று மற்ற பெண்கள் வைத்த பெயர்.

அன்றைக்கு முதன்முதலாகச் சுவிட்சைத் தட்டிப் பார்க்கக் கார்க் கதவைச் சாத்தினாள். டப். தெருச் சத்தம் நின்றது. டி.வி. நின்றது. மாமனாரின் இருமல் நின்றது. காலடியில் நீல வெளிச்சம் மெல்ல எழுந்தது. அவளைத் தேடி ஒருத்தரும் வரவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். காரணம் அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் மறுநாளும் அங்கே உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

அதனால்தான் வேலை முடியவே இல்லை.

இன்று காலை அதற்கு ஒரு முடிவு வந்தது. கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னான்.

"இந்தா, இன்னிக்கு அந்த லைட்டை முடிச்சிடு. சாயந்திரம் தங்கச்சி வர்றா. காரை அவ எடுத்துட்டுப் போறா."

"எடுத்துட்டுப் போறாளா? எப்ப திரும்பி வரும்?"

"எதுக்குத் திரும்பி வரணும்? அவ புதுசா ஜெராக்ஸ் கடை போட்டிருக்கா, பேப்பர் கட்டு தூக்கணும். நம்ம வீட்ல சும்மாதானே நிக்குது. அப்பா குடுத்துடலாம்னுட்டாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

"இதோ, சொல்றேன்ல?"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கார் போனால் போகட்டும். போவது அவளுடைய அறை. அதுவும் இன்றைக்கென்று பார்த்துப் போகிறது. இன்று மத்தியானம் அவளுக்கு ஒரு போன் வர வேண்டியிருந்தது.

டேப் அக்கா. பழைய தொழிற்சாலையில் ஒயர்க் கட்டுக்கு டேப் சுற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது புதுத் தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். 'ஒயர் கட்டும் லைன் முழுக்க உன் கையில் தருகிறேன், வருகிறாயா?' என்று கேட்டிருந்தார். ஊர் தூரம். ரயிலில் ஒரு பகல் போக வேண்டும். பதிலை இன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் யாரிடமும் இவள் மூச்சு விடவில்லை. எங்கே சொல்வது? திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் பதில் சொல்கிற வீடு அது.

மத்தியானம் ஷெட்டுக்குப் போனாள்.

பட்டையைக் கதவுகளுக்குள் ஓட்டுவதற்காக முன்பக்கக் கதவு இரண்டின் உள்பலகையையும் ஏற்கெனவே கழற்றியிருந்தாள். பலகையோடு கைப்பிடியும் வந்துவிட்டது. கைப்பிடி இழுக்கிற கம்பி மட்டும் வெறும் தகரத்தில் நாக்கைப் போலத் தொங்கியது. பின்கதவுகளில் குழந்தைப் பூட்டு, உள்ளிருந்து திறக்காது. நாத்தனாரின் வாலுப் பையனுக்காகப் போட்டது, எடுக்கவே இல்லை. பகலில் விளக்கின் நிறம் தெரிய வேண்டும் என்று சொல்லி, கண்ணாடிகளுக்கெல்லாம் உள்பக்கம் கறுப்புத் துணி கட்டியிருந்தாள்.

சாவியைத் திருப்பினாள். காலடியில் நீல வெளிச்சம் வந்தது. பொத்தானை அழுத்தினாள். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. ஸ்டீரியோவை ஞாபகமாக அணைத்தாள். பாட்டுப் போட்டுப் பார்க்க அவள் போனைத்தான் அதோடு இணைத்திருந்தாள். ஸ்டீரியோ உயிரோடு இருந்தால் போனில் பேசுகிறவர் குரலை நாலு ஸ்பீக்கரிலும் ஊருக்கே ஒலிபரப்பிவிடும்.

போன் அடித்தது.

"குறடு! எப்படிடி இருக்கே?"

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "இருக்கேன்க்கா" என்றாள்.

"புது யூனிட் பளபளன்னு இருக்கு. உனக்குக் கீழ இருபது பொண்ணுங்க. கம்பெனியே ரூம் குடுக்குது. குடும்பத்தோட வந்தா வீடாவே குடுக்கும். இப்போதைக்கு ஒரு ரூம். சின்னதுதான்."

"கதவு இருக்கா அக்கா?"

"என்ன கேள்வி இது? கதவு இல்லாம ரூமா? பூட்டு, சாவி எல்லாம் இருக்கு. இரு இரு, மேனேஜர் கூப்பிடறாரு. லைன்லயே இரு, கட் பண்ணிடாதே."

அவள் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். பூட்டு, சாவி எல்லாம் இருக்கு. அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

டக்.

நீல வெளிச்சம் செத்தது. மாமனார்!

அவருக்கு ஒரு பழக்கம். காரில் பேட்டரிக்குப் பக்கத்தில் தன் கையாலேயே ஒரு சிவப்புக் குமிழ் வைத்திருக்கிறார். பெயர் மெயின். அதைத் திருப்பினால் காரில் ஒரு சொட்டு மின்சாரம் ஓடாது. வேலைக்காக பானெட்டை அவள் திறந்தே வைத்திருப்பாளா, போகிற போக்கில் கையை விட்டு அதை அணைத்துவிட்டுப் போவார்.

"ஆள் இல்லாத இடத்துல கரண்ட் எதுக்கு?" என்று அவர் வெளியே சொல்வது கேட்டது. கூடவே, சாயங்காலம் வர வேண்டிய நாத்தனாரின் குரல்.

"அப்பா, உள்ள பார்க்கலாமா? அண்ணி என்னமோ பெருசா பண்ணியிருக்காங்களாமே." கதவின் வெளிக் கைப்பிடி இரண்டு தடவை ஆடியது. "பூட்டியிருக்கு. சாவி எங்க? அண்ணி எங்க?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்து, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லைட் நழுவித் தகரத்தில் விழுந்து, அந்த அமைதியில் டணார் என்றது.

"அப்பா! உள்ள யாரோ இருக்காங்க!"

மாமனாருக்கு இளமை திரும்பிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய உத்தியோகக் குரலில் கண்ணாடியைத் தட்டினார். "உள்ள இருக்கறவங்க பதட்டப்படாதீங்க. காத்து வருதா? எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் மாமா."

"நீயா? கதவைத் திறம்மா."

"முன்கதவுல கைப்பிடியைக் கழட்டி வச்சிருக்கேன் மாமா. பின்னாடி குழந்தைப் பூட்டு. பூட்டுப் பொத்தானுக்குக் கரண்ட் இல்ல."

"ஐயையோ! நான்தான் மெயினை அணைச்சுட்டேன்!"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றைத்தான் சொல்லவில்லை. குறடு அவள் மடியில் இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கம்பியின் நுனியை அதைக் கொண்டு பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், பூட்டின கதவும் திறந்துகொள்ளும். கரண்டும் வேண்டாம், கைப்பிடியும் வேண்டாம். காதில் போன் இன்னும் இருந்தது. டேப் அக்கா மேனேஜரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது மெல்லக் கேட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும் என்று நினைத்தாள்.

அப்போது கணவனும் வந்து சேர்ந்தான். தங்கை வருகிறாள் என்று கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பியிருந்தான். "என்ன ஆச்சு? மாட்டிக்கிட்டாளா? கண்ணாடியை உடைச்சிடலாமா?"

"உடைக்கிறதாவது! பேசாம இரு. நான் லிஃப்ட்லேர்ந்து எத்தனை பேரை வெளிய எடுத்திருக்கேன்" என்றார் மாமனார். "மெயினைப் போடறேன் பாரு."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த ஸ்டீரியோ தானாகவே விழித்துக்கொள்ளும்.

"மாமா, வேண்டாம்! மெயின் போடாதீங்க!"

"பயப்படாதேம்மா, நான் இருக்கேன்ல" என்றார் அவர். டக்.

காலடியில் நீலம் எழுந்தது. கதவோரத்தில் வெள்ளைக் கோடு ஓடியது. டாஷ்போர்டின் விளிம்பு மஞ்சளாக மலர்ந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அதை அனுபவிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. நாலு ஸ்பீக்கரிலிருந்தும் டேப் அக்கா பேசினார்.

"ஆங், குறடு, இருக்கியா? மேனேஜர் ஓகே சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வந்து சேர்றேன்னு எழுதிக்கவா?"

ஷெட் மொத்தமும் அந்தக் குரல்தான். அவள் போனை அணைக்கப் பார்த்தாள். அவசரத்தில் விரல் வேறெங்கோ பட்டது.

"உன் வாயால கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். போன வாரம் உங்க வீட்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி, அவ வரமாட்டா, இனிமே கூப்பிடாதீங்கன்னாரே. எனக்கென்னமோ மனசு ஒப்பல."

வரமாட்டாள் என்று யார் சொன்னது? அவள் போனிலிருந்து நம்பரை எடுத்து, அவளுக்குத் தெரியாமல், அவளுக்காக யார் பதில் சொன்னது?

கண்ணாடியில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பிய்த்து இழுத்தாள். வெளியே மூன்று பேரும் நின்றார்கள். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். நாத்தனார் வாயில் கை வைத்திருந்தாள். கணவன் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"அப்பா? நீங்களா?"

மாமனார் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"லைட் வேலை எப்பவோ முடிஞ்சு போச்சா?" என்று கணவன் இப்போது கண்ணாடியிடம் கேட்டான். "இத்தனை நாளா எங்களை ஏமாத்திட்டு இதுக்குள்ள உக்காந்து..."

"ஆமா, ஏமாத்தினேன்!" அவள் கத்தியது ஷெட்டுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "இந்த வீட்ல சாத்திக்கிற கதவு இது ஒண்ணுதாங்க இருக்கு. அழறதுக்குக்கூட நான் இதுக்குள்ளதான் வரணும். இதையும் தூக்கிக் குடுக்கறீங்க. இதோ, சொல்றேன்லன்னு சொல்லிக் குடுக்கறீங்க!"

யாரும் எதிர்பாராமல் நாத்தனார் பேசினாள். "நான் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னதே அங்க ரூமுக்குக் கதவு இருந்துதுன்னுதான் அண்ணி. அப்பாகிட்ட இன்னிவரைக்கும் சொன்னதில்ல." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

மாமனாரின் முகம் தொங்கிப்போனது.

ஸ்பீக்கரில் டேப் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி சத்தம் அங்க? ஆங், அவரு பேரைக்கூட சொன்னாரே. இரு, ஞாபகம் இருக்கு, அவரு..."

டக்.

மாமனார் மெயினை அணைத்துவிட்டார். விளக்குகள் போயின, குரல் போயிற்று. குமிழின் மேல் கையை வைத்தபடியே அவர் நின்றார். "பேசினது போதும்" என்றார். "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அடம் பிடிக்காம வெளிய வர்ற வழியைப் பாரு. மெயின் என் கையில இருக்கு."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். மடியிலிருந்த குறட்டை எடுத்தாள். கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பூட்டு விடுபட்டது. இன்னோர் இழுப்பு. கதவு திறந்தது. கறுப்புத் துணி வெளியே விழ, அதை மிதித்துக்கொண்டு இறங்கினாள்.

மூன்று பேரும் அவள் கையிலிருந்த குறட்டையே பார்த்தார்கள்.

"அப்ப..." என்றார் மாமனார். "முதல்லயே வெளிய வந்திருக்கலாமா நீ?"

"வந்திருக்கலாம் மாமா."

அவருக்கு அது தாங்கவில்லை. "பாப்பா, ஏறு! காரை இப்பவே கொண்டுபோய் உன் வீட்ல விட்டுடறேன்" என்று மகளிடம் கத்தினார். மகள் அசையவில்லை. அவர் மட்டும் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். கார் முனகக்கூட இல்லை. மெயினை அணைத்தவர் அவரேதான். இறங்கலாமென்று கதவில் கைப்பிடியைத் தேடினார். வெறும் தகரம். மேலே தடவினார், கீழே தடவினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. எத்தனையோ பேரை வெளியே எடுத்தவருக்கு, 'என்னை வெளியே எடுங்கள்' என்று கேட்கத் தெரியவில்லை.

அவள் கையிலிருந்த போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. "ஹலோ, ஹலோ" என்று டேப் அக்கா கூவிக்கொண்டிருந்தார்.

கணவன் ஓரடி முன்னால் வந்தான். "யோசிச்சுப் பேசு. அவசரப்படாதே."

அவள் போனைக் காதில் வைத்தாள். "எழுதிக்குங்க அக்கா" என்றாள். "திங்கக்கிழமை வர்றேன். இனிமே நான் பேசினா மட்டும் நம்புங்க." போனை அணைத்துவிட்டாள்.

காரில் சாய்ந்து நின்றாள். பிறகு சுற்றிப் போய், வெளிக் கைப்பிடியைப் பிடித்து, மாமனாருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இறங்குங்க மாமா."

அவர் இறங்கவில்லை. முன்னால் இருந்த இருட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்தப் பொம்பளைகிட்ட பேசினது நான் இல்லம்மா."

அவள் நின்றாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ. கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

அவள் சாத்தினாள். டப். மெதுவாகத் திரும்பினாள்.

தரையில் கிடந்த கறுப்புத் துணியைக் கணவன் எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து தன் துண்டைக்கூட மடித்தறியாதவன், முனையோடு முனை சேர்த்து, சுருக்கத்தை நீவி, தலையை நிமிர்த்தாமல் மடித்துக்கொண்டே இருந்தான்.